பெல்ட் இடுப்பில், அடி முகத்தில்

போன ஞாயிற்றுக்கிழமை காலடிப்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கல்யாணம் ஒன்றுமில்லை, பேத்திக்கு கராத்தே தேர்வு. பன்னிரண்டு வயது ஆகிறது. பிரவுன் பெல்ட்டிலிருந்து பிளாக் பெல்ட்டுக்குப் போகிறாள். அறுபது பிள்ளைகள் வரிசையாக நின்று காற்றில் குத்தினார்கள், காற்றில் உதைத்தார்கள், ஆளுக்கொரு ஓடு உடைத்தார்கள். அறுபது பேரும் பாஸ். கட்டணம் எவ்வளவு என்று இங்கே எழுதினால் என் மருமகன் கோபித்துக்கொள்வார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அவள் கேட்டாள்: “தாத்தா, நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் நிஜமா சண்டை போட்டதே இல்லையே. அப்போ நான் நிஜமாவே பிளாக் பெல்ட்டா?”

கறுப்பு பெல்ட்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே கேட்டாள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் பிரச்சினை முடிந்திருக்கும். என்னால் முடியவில்லை. அதற்கு 1979இல் நடந்த ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் இந்த பெல்ட் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

எங்கள் காலத்து மாஸ்டர் ஒரு கதை சொல்வார். பழைய காலத்தில் சீடனுக்கு ஒரே ஒரு வெள்ளை பெல்ட்தானாம். அதைத் துவைக்கவே கூடாதாம். வருஷக்கணக்கில் வியர்வையும் மண்ணும் பட்டுப் பழுப்பாகி, கடைசியில் கறுப்பாகிவிடுமாம். நாங்களும் வாயைப் பிளந்து கேட்டோம். கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை இல்லை. பெல்ட் ஏற்பாடு அவ்வளவு பழையதே அல்ல.

அதைத் தொடங்கியவர் ஜிகோரோ கானோ, ஜூடோவை உருவாக்கிய ஜப்பானியர். 1882இல் டோக்கியோவில் ஒரு கோயிலில் கொடோகான் என்ற பயிற்சிக்கூடத்தை ஆரம்பித்தார். ‘டான்’ என்ற படிநிலையை அவர் சண்டைக் கலையிலிருந்து எடுக்கவில்லை. ‘கோ’ என்ற பலகை விளையாட்டில் ஆட்டக்காரர்களைத் தரம் பிரிக்க அது ஏற்கெனவே இருந்தது. 1883இல் இரண்டு மாணவர்களுக்கு முதல் டான் கொடுத்தார். கறுப்பு பெல்ட் கட்டும் பழக்கம் 1886இல் வந்தது. கானோ தொழிலால் ஆசிரியர், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் தலைவராகவும் இருந்தவர். படிப்படியாக ஏறுகிறோம் என்று கண்ணால் பார்த்தால்தான் பையன்கள் நிலைத்து நிற்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். (1938இல் ஹிகாவா மாரு என்ற கப்பலில், நடுக்கடலில் இறந்தார். ஆயுள் முழுக்கத் துறைமுகத்தில் கப்பல் பார்த்தவன் என்பதால் இது எனக்கு ஞாபகம் நிற்கிறது.)

கராத்தேக்கு பெல்ட் இன்னும் பிந்தித்தான் வந்தது. ஒகினாவா தீவில் பரம்பரையாகக் கற்றுக்கொடுத்தவர்களிடம் டானும் இல்லை, கறுப்பு பெல்ட்டும் இல்லை. அங்கே பள்ளி ஆசிரியராக இருந்த ஃபுனாகோஷி, 1922இல் டோக்கியோ வந்தவர், கானோவின் முறையைப் பின்பற்றி 1924இல் ஏழு மாணவர்களுக்குக் கறுப்பு பெல்ட் கொடுத்தார். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம் என்று வண்ணங்கள் பெருகியது ஐரோப்பாவில். 1930களில் பாரிஸில் ஜூடோ கற்பித்த கவாயிஷி அதைப் பரப்பினார்.

ஒரு விஷயத்தை இங்கே கவனிக்க வேண்டும். கொடோகானில் மாணவர்களைச் சிவப்பு, வெள்ளை என்று இரண்டு அணியாகப் பிரித்து மோதவிடுவார்கள். ஒருவன் தொடர்ச்சியாகப் பலரை வீழ்த்தினால் அங்கேயே அடுத்த படிக்கு உயர்த்துவதும் உண்டு. அப்போது பெல்ட் என்றால் எதிரே ஒருவன் நின்றான், அவன் விழுந்தான் என்று அர்த்தம். பிற்பாடு பல இடங்களில் எதிராளியை எடுத்துவிட்டார்கள், பெல்ட்டை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

இனி 1979. புரூஸ் லீ படங்கள் வந்த பிறகு வடசென்னையில் மொட்டை மாடிக்கு மொட்டை மாடி கராத்தே வகுப்பு. நானும் மூன்று வருஷம் போய் பிரவுன் பெல்ட் வாங்கியிருந்தேன். துறைமுகத்தில் டாலி கிளார்க் வேலை. இரவு ஷிஃப்டில் பெருமை அடித்துக்கொள்வேன். எங்கள் ஷெட்டில் வின்ச் ஓட்டும் பெரியவர் ஒருவர் இருந்தார். காசிமேட்டுக்காரர், ஐம்பது தாண்டியவர், கொஞ்சம் தொப்பை. இளமையில் ஒரு பரம்பரையில் குத்துச்சண்டை ஆடியவர் என்று சொன்னார்கள்.

பரம்பரை என்றால் என்ன என்று 2021இல் ரஞ்சித்தின் படம் வந்த பிறகு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதற்கு முன்னால் எங்கள் பக்கத்துக்கு மட்டுமே தெரிந்த சமாச்சாரம். சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று பரம்பரைகள். வெள்ளைக்காரன் கொண்டுவந்த ஆட்டத்தை மீனவரும் துறைமுகக் கூலியும் மில் தொழிலாளியும் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். போஸ்டரில் ‘ரோஷமான ஆங்கில குத்துச்சண்டை’ என்று போட்டிருக்கும். பெல்ட்டும் கிடையாது, சர்டிஃபிகேட்டும் கிடையாது. போஸ்டரில் பேர் எந்த இடத்தில், எத்தனை பெரிய எழுத்தில் வருகிறது என்பதுதான் படிநிலை. தோற்றால் அடுத்த போஸ்டரில் பேர் சுருங்கும். 1980இல் முகமது அலியே சென்னைக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் கண்காட்சி ஆட்டம் ஆடினார் என்றால், அந்தக் கூட்டத்தைச் சேர்த்து வைத்திருந்தது இந்த ரசனைதான்.

அன்று இரவு கப்பல் தாமதம். டீ குடித்த பிறகு பெரியவர் கையைத் துடைத்துக்கொண்டு, “வா தம்பி, உன் வித்தைய காட்டு” என்றார். நான் நாலு உதை விட்டேன். ஒன்றும் படவில்லை. அவர் பின்னால் போனதாகக்கூடத் தெரியவில்லை, அரை அடி நகர்ந்தார், அவ்வளவுதான். பிறகு விரித்த உள்ளங்கையால் என் கன்னத்தில் மெதுவாக ஒரு தட்டு. மறுபடி ஒன்று. மறுபடி ஒன்று. மூன்றும் வரும்போது எனக்குத் தெரியவில்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “பெல்ட்டு இடுப்புல கீது தம்பி, அடி வுழுறது மூஞ்சிலதானே. கால பாத்து நில்லு” என்று சொல்லிவிட்டு வின்ச்சுக்குப் போய்விட்டார். அடுத்த மாதமே வகுப்பை நிறுத்திவிட்டேன். கோபத்தில் இல்லை, வெட்கத்தில்.

இத்தோடு நிறுத்தினால் ‘பெல்ட் எல்லாம் சும்மா’ என்று ஆகிவிடும். அதுவும் சரியில்லை. அதே பெரியவர் சில வருஷம் கழித்து என்னிடம் ஒரு மனு எழுதித் தரச் சொன்னார். மகனும் நல்ல ஆட்டக்காரன். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலைக்குப் போடவேண்டும். இணைப்பு என்ற இடத்தில் என்ன எழுதுவது? அமெச்சூர் போட்டியில் ஆடியவனிடம் சான்றிதழ் இருந்தது, இவனிடம் கசங்கிய இரண்டு போஸ்டர் இருந்தது. போஸ்டரையே இணைத்து அனுப்பினோம். பதில் வரவில்லை. என் பிரவுன் பெல்ட் சான்றிதழ் அப்போதும் பீரோவில் பத்திரமாக இருந்தது. அதை நினைத்தால் இன்றும் சங்கடம்தான்.

குத்துச்சண்டையிலும் பெல்ட் உண்டு, ஆனால் அது வேறு ஜாதி. இங்கிலாந்தில் 1909இல் தொடங்கிய லான்ஸ்டேல் பெல்ட்டை ஜெயித்தவன், தோற்றால் அடுத்தவனிடம் கொடுத்துவிட வேண்டும். ஆரம்ப காலத்தில் மூன்று முறை பட்டப் போட்டியில் ஜெயித்தால்தான் சொந்தம் என்று இருந்தது. கராத்தே பெல்ட்டை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. எனக்குப் பிடிபட்ட வித்தியாசம் இதுதான். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்ஸில் கராத்தே நடந்தபோது, மோத வந்தவர்கள் தங்கள் தர பெல்ட்டைக் கட்டவில்லை. ஒருவருக்குச் சிவப்பு, மற்றவருக்கு நீலம், நடுவர் அடையாளம் காண. உள்ளே நுழைந்த பிறகு எத்தனையாவது டான் என்று யாரும் பார்க்கவில்லை.

இவ்வளவையும் பேத்தியிடம் சொன்னேன். வின்ச் பெரியவர் கதையில் சத்தம் போட்டுச் சிரித்தாள். ஜிகோரோ கானோ வந்தபோது கொட்டாவி விட்டாள். பிறகு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, திருவொற்றியூரில் தன் வகுப்புத் தோழி ஒருத்தி பாக்ஸிங் போகிறாள், அங்கே ஒரு நாள் போய்ப் பார்க்கலாமா என்றாள். அந்தப் பயிற்சியாளரிடம் பேசினேன். “வரட்டும் சார், ஆனா முதல் மாசம் கால் வைக்கிறது மட்டும்தான்” என்றார்.

வரும் சனிக்கிழமை போகிறோம். பெல்ட்டை எடுத்துக்கொண்டு வரவா என்று கேட்டாள். வீட்டிலேயே இருக்கட்டும், அம்மா மடித்து வைத்திருக்கிறாள் என்றேன். அதற்குள் அவளுக்குப் பல்லில் மாட்டும் கம் ஷீல்டு ஒன்று வாங்க வேண்டும்.