கம்பெனிக் கணக்கில் ஒரு பெயர், ஜெப ஆலயத்தில் ஒரு பெயர்

சென்னை மாநகராட்சி 1688 செப்டம்பர் 29 அன்று தொடங்கியது. மேயர் நதானியேல் ஹிக்கின்சனுக்குத் துணையாக அமர்ந்த ஆல்டர்மேன் எனும் மூத்த மன்ற உறுப்பினர்களில் பர்த்தலோமியோ ரோட்ரிகஸ், டொமிங்கோ டோ போர்ட்டோ, அல்வாரோ ட ஃபொன்சேகா என்று மூவர். பெயரை மட்டும் படித்தால் சாந்தோமைச் சேர்ந்த போர்த்துகீசியக் கத்தோலிக்கர்கள் என்றே எண்ணுவோம். மூவரும் யூதர்கள்.

இதை உறுதிப்படுத்தத்தான் பாடியிலிருந்து எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் பஸ் ஏறத் தொடங்கினேன். புனித ஜார்ஜ் கோட்டையின் கிழக்கிந்தியக் கம்பெனி ஆவணங்கள் மதத்தைவிடச் சரக்கைப் பற்றியே அதிகம் பேசுகின்றன. மத்தியதரைக் கடல் பவழமும் வெள்ளியும் உள்ளே வந்தன. கோல்கொண்டா வைரம் லண்டனுக்குப் போனது. அந்தப் பவழ வியாபாரத்தின் தடம் முத்தியால்பேட்டையில் பவழக்காரத் தெருவாக இன்றும் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த யூத வணிகர் ஜாக் ட பைவா வைரச் சுரங்கப் பகுதிக்குப் போய், நோயோடு திரும்பி, 1687இல் இங்கேயே இறந்தார்.

காகிதம் சொல்லாததைக் கல் சொன்னது. ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905இல் சென்னை மாகாணக் கல்லறை வாசகங்களைத் தொகுத்தார். தங்கசாலைத் தெருப் பகுதியிலிருந்த பழைய யூதர் இடுகாடு இப்போது இல்லை. எஞ்சிய கற்கள் சில இடம் மாறி, லாயிட்ஸ் சாலை இடுகாட்டில் நிற்கின்றன. 1709இல் மறைந்த ஐசக் அபெந்தானாவும் 1763இல் மறைந்த சாலமன் ஃபிராங்கோவும் எபிரேய எழுத்துகள் கொண்ட கற்களின் கீழ் அடக்கமானவர்கள்.

கடைசி முடிச்சு லண்டனில் அவிழ்கிறது. அங்குள்ள செபார்டிக் (ஸ்பெயின், போர்த்துகல் வம்சாவளி) யூதர்களிடையே ஃபொன்சேகாவின் பெயர் யாக்கோபு ஜெசுரூன் அல்வாரஸ். ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் ஏன்? போர்த்துகலில் 1497இல் யூதர்களுக்குக் கட்டாய ஞானஸ்நானம் நடந்தது. 1560இல் மத விசாரணை மன்றம் கோவாவுக்கும் வந்தது. யூத வம்சத்தவரான மருத்துவர் கார்சியா ட ஓர்ட்டா இறந்து அடக்கமான பிறகும் விடவில்லை. 1580இல் எலும்புகளைத் தோண்டி எரித்தார்கள். போர்த்துகீசிய எல்லைக்குள் உறவும் கொடுக்கல் வாங்கலும் வைத்திருந்தவருக்குக் கிறிஸ்தவப் பெயர் உயிர்க்காப்பு.

ஆகவே, முன்னோரைத் தேடும் செபார்டிக் வம்சத்தினர் சென்னை ஆவணங்களை இரு பெயர்களையும் கையில் வைத்துக்கொண்டே புரட்ட வேண்டும். நமக்கும் ஒரு கடமை உண்டு. இந்நகரின் முதல் மன்றத்தில் அமர்ந்தவர்களைப் ‘போர்த்துகீசியர்’ என்று எழுதிவிட்டு நகர்வது, அவர்கள் பயந்து போட்ட திரையை நாமும் இழுத்துப் பிடிப்பதாகும். மாநகராட்சி வரலாற்றில் அவர்களை யூதர்கள் என்றே எழுதுவோம்.