மரபணுச் சிகிச்சை ஏழைக்கும் எட்ட வேண்டும்

குருநாகல், அநுராதபுரம் ஆகியவற்றைப் போன்று பதுளையும் தலசீமியா நோயாளர் கூடுதலாகக் காணப்படும் மாவட்டமாகும். இந்நோயின் கடுமையான வடிவத்தோடு பிறக்கும் பிள்ளைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றியாக வேண்டும். அதனால் இதயத்திலும் ஈரலிலும் தேங்கும் இரும்பை அகற்ற ஆயுள் முழுவதும் மருந்தும் தேவை. அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்தான். எனினும் நமுனுகுலை, லுணுகலைத் தோட்டங்களிலிருந்து பதுளை நகருக்கு வரும் குடும்பம் பஸ் கட்டணத்தோடு அன்றைய நாட்சம்பளத்தையும் இழக்கின்றது.

இந்நோயை வேரிலேயே திருத்த முனைவது மரபணுச் சிகிச்சை. நோயாளியின் இரத்தத்தை உருவாக்கும் மூல உயிர்க்கலங்களை வெளியே எடுத்து, குறையற்ற மரபணுவை அவற்றில் புகுத்தி, மீண்டும் உடலில் செலுத்துகின்றனர். மரபணுவைச் சுமந்து செல்வது, தீங்கு செய்யும் கூறுகள் நீக்கப்பட்ட வைரஸ் ஆகும். 2022 ஆகஸ்டில் அமெரிக்கா அங்கீகரித்த 'சின்டெக்ளோ' இவ்வகையைச் சேர்ந்தது. ஒருவருக்கான அதன் அறிவிக்கப்பட்ட விலையோ 28 இலட்சம் டொலர்!

இவ்விலைக்குக் காரணங்கள் பல. அவற்றுள் முக்கியமானது வைரஸ் ஊர்தியின் தயாரிப்பு. ஆய்வுகூடத்தில் வளர்க்கப்படும் மனித உயிர்க்கலங்களுக்குள் பிளாஸ்மிட் எனப்படும் மூன்று அல்லது நான்கு வகை டி.என்.ஏ. வளையங்களை ஒரே வேளையில் செலுத்த வேண்டும். அக்கலங்கள் உருவாக்கும் வைரஸைப் பிரித்துச் சுத்திகரித்து, கிருமியற்றதெனவும் பாதுகாப்பானதெனவும் நிரூபிக்க வேண்டும். தூய பிளாஸ்மிட்டுகளின் விலை அதிகம்; சுத்திகரிப்பின்போது வைரஸின் ஒரு பகுதி வீணாகின்றது; விளைச்சலும் தொகுதிக்குத் தொகுதி மாறுகின்றது.

இதனை எளிதாக்கும் வழிகளும் திறந்துள்ளன. தட்டுகளில் ஒட்டி வளரும் கலங்களுக்குப் பதிலாகப் பெரிய கலன்களில் மிதந்து வளரும் கலங்களைப் பயன்படுத்துவது ஒன்று. தேவையான மரபணுக்களைக் கலத்திலேயே நிலையாகப் பதித்து, ஒவ்வொரு முறையும் பிளாஸ்மிட் செலுத்தும் தேவையை ஒழிப்பது மற்றொன்று. உள்நாட்டிலேயே தயாரிப்பது மூன்றாவது.

மூன்றாவது வழியின் பலனை அயல்நாடான இந்தியா காட்டியுள்ளது. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உருவாகி, 2023 ஒக்டோபரில் அங்கீகாரம் பெற்ற 'நெக்ஸ்கார்19' என்னும் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சைக்கான வைரஸ் ஊர்தி அங்கேயே தயாராகின்றது. அதன் விலை மேலைநாட்டுச் சிகிச்சைகளின் விலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஹீமோபீலியா நோயாளர் ஐவருக்கு வைரஸ் ஊர்தி வழியாக மரபணுச் சிகிச்சை அளிக்கப்பட்டது. அவர்களுக்கு அதன்பின் இரத்தக் கசிவு ஏற்படவில்லை என 2024 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது.

எனினும் பத்தில் ஒரு பங்கு விலையும் தோட்டத் தொழிலாளிக்கு எட்டாக்கனியே. சிகிச்சைக்கு முன் வழங்கப்படும் கடும் மருந்துகளின் ஆபத்தும் மறுப்பதற்கில்லை. ஆகவே, இன்று செய்யக்கூடியதை அரசு தள்ளிப்போடலாகாது. பெற்றோர் இருவரும் காவிகளாயின் ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்துண்டு. எளிய இரத்தப் பரிசோதனை இதனைத் திருமணத்துக்கு முன்பே உணர்த்திவிடும். அப்பரிசோதனையும் தமிழில் அமைந்த ஆலோசனையும் ஊவாவின் தோட்டந்தோறும் செல்ல வேண்டும். அதேவேளை, இந்திய நிறுவனங்களுடன் கூட்டாய்வுக்கும் பயிற்சிக்கும் சுகாதார அமைச்சும் பல்கலைக்கழகங்களும் இப்போதே அடித்தளமிட வேண்டும். மருந்து மலிவாகும் நாளில் அதனைப் பெறுவதற்கு நாமும் ஆயத்தமாக இருத்தல் அவசியமாகும்.