கண்ணாடிக் கூண்டினுள் மணமுடி: பிரான்சிலே ஒரு நினைவுப் பேழையின் வரலாறு

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே பிரான்சின் சிற்றூர் வீடொன்றின் படுக்கையறையினுள் நுழைந்தவர், இழுப்பறைப் பெட்டகத்தின் மேலோ கணப்படுப்பின் மேடையிலோ, நீள்வட்ட அடியும் கவிந்த முடியும் கொண்ட கண்ணாடிக் கூண்டொன்றைக் கண்டிருத்தல் கூடும். கறுப்பு வண்ணம் பூசிய மரப்பீடம். அதன்மீது செந்நிற வெல்வெட் மெத்தை. மெத்தையிலே அவ்வீட்டுத் தலைவி மணநாளிற் சூடிய பூமுடி. இதனை ‘குளோப் து மரியே’, அதாவது மணமகளின் கூண்டு, என அம்மக்கள் வழங்கினர். மூன்றாம் நெப்போலியன் பேரரசனாயிருந்த காலத்திலே (1852-1870) பெருவழக்காகிய இது, முதலாம் உலகப்போர் வரை செல்வாக்கோடு விளங்கிற்று. பேரரசனைப் பற்றிய நூல்களுக்குக் குறைவில்லை. ஆயின், கடிதமோ நாட்குறிப்போ விட்டுச்செல்லாத ஒரு பெண்ணைப் பற்றி அறிய விழைவோருக்கு இக்கூண்டு போன்ற சான்று அரிதாகவே கிட்டும்.

கூண்டின் அமைப்பை முதலில் நோக்குவோம். மணிக்கூடுகளையும் சிறு சிலைகளையும் தூசியினின்று காக்கப் பயன்பட்ட கண்ணாடிக் கவிப்பே மணமுடிக்கும் உதவிற்று. பீடத்தில் வெட்டிய பள்ளத்திலே கண்ணாடியின் விளிம்பு பொருந்தும். இடைவெளியை மறைக்க மென்மயிர்க் கயிறொன்று சுற்றப்படும். மெத்தையின் பின்புறத்தே பொன்முலாம் பூசிய பித்தளைத் தகட்டு இலைகள் கிளைத்தெழும். அவற்றினிடையே சிறு முகம் பார்க்கும் கண்ணாடிகள் பதிக்கப்படும். பூமுடியோ தோடம்பூக்களால் ஆனது. தோடை மரம் மத்தியதரைக் கடலோரத்துக்கு அப்பால் அந்நாட்டிலே எளிதில் வளராதாகையால், கம்பி நுனியிற் செய்த மொட்டுக்களை மெழுகில் தோய்த்து எடுத்தனர். வாடாத பூ என்பதனாலேயே அது பேணுதற்கும் ஏற்றதாயிற்று. தோடம்பூ மணமகளின் கற்புக்கு அடையாளமாகக் கருதப்பட்டது. 1840இல் விக்ரோறியா மகாராணி தம் திருமணத்தில் தோடம்பூ முடி சூடியமை இவ்வழக்கத்துக்கு மேலும் மதிப்புத் தேடிக் கொடுத்தது.

இக்கூண்டுகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் குறியீட்டு விளக்கத்திலேயே நின்றுவிடுகின்றனர். புறா அமைதி, திராட்சைக் குலை செழிப்பு, கருவாலி இலை உறுதி, ஐவிக் கொடி பிரியாத பற்று. சிறு கண்ணாடிகள் எத்தனையோ அத்தனை பிள்ளைகளைத் தம்பதியர் விரும்பினர் என்பர். இவ்விளக்கங்களை முற்றாகத் தள்ளிவிட வேண்டியதில்லை. எனினும், தகட்டு அலங்காரங்கள் பட்டறைகளில் ஒரே அச்சிலே பெருந்தொகையாக அடிக்கப்பட்டவை, கடையிலே வாங்கப்பட்டவை. கையிலிருந்த பணத்துக்கு ஆறு கண்ணாடிகளுள்ள கூண்டு கிடைத்தவள் ஆறு பிள்ளைகளை வேண்டினாள் என எவ்வாறு துணிவது? அலங்காரம் விற்பவன் தந்தது. அதனுள் எதை வைத்தாள், எதைப் பின்னர் சேர்த்தாள் என்பதிலேதான் அப்பெண் தென்படுகிறாள் என்பது என் கருத்து.

அவளுடைய சட்டநிலையையும் ஈண்டு நினைவுகூர்தல் வேண்டும். 1804ஆம் ஆண்டின் குடியியற் சட்டக்கோவை, மனைவி கணவனுக்குக் கீழ்ப்படியக் கடமைப்பட்டவள் என விதித்தது. 1816இல் நீக்கப்பட்ட விவாகரத்து 1884இலேதான் மீண்டும் இடம்பெற்றது. தன் உழைப்பின் ஊதியத்தைத் தானே கையாளும் உரிமையை மணமான பெண் 1907இலேயே பெற்றாள். ஆகவே, அறுக்கவியலாத மணத்தின் வெற்றிச் சின்னமென்று இக்கூண்டை ஒருவர் கூறின் அது பொருந்தும். அவ்வீட்டிலே அவள் மனம்போல் அடுக்கத்தக்கதாயிருந்த ஒரு முழ உயர இடம் அதுவே என்று மற்றொருவர் கூறினும் மறுப்பதற்கில்லை.

ஏனெனில் கூண்டு மணநாளோடு மூடப்பட்டதன்று. கணவனின் சட்டையிற் செருகிய பூ, பிள்ளையின் தலைமயிர்ச் சுருள், நிழற்படம், சமயச் சின்னம் என ஆண்டுகள் செல்லச் செல்லப் பொருள்கள் சேர்ந்தன. 1914-1918 போரிலே பிரான்சு 13 இலட்சத்துக்கு மேற்பட்ட படையினரை இழந்தது. அதன் பின்னர் சில கூண்டுகளிலே போர்ப்பதக்கமும் படைச்சீருடையில் எடுத்த படமும் மெழுகுப் பூக்களுக்கு அருகே இடம்பெற்றன. மணப்பேழை நினைவிடமாயிற்று, மெத்தையும் பீடமும் மாறவில்லை.

போருக்குப் பின் வழக்கம் தளர்ந்தது. மலிந்துவிட்ட நிழற்படம் சுவரிலே தொங்கிற்று. பேரப்பிள்ளைகள் விற்ற கூண்டுகள் பழம்பொருட் கடைகளை அடைந்தன. பெரும்பாலானவற்றிலே பெயரெழுதப்படாமையால், குடும்பத்தை விட்டகன்ற கணமே அவை யாருடையவை என்பதும் அற்றுப்போயிற்று. முடியை எடுத்தெறிந்துவிட்டுக் கண்ணாடியை மாத்திரம் விற்பதும் உண்டு. வரலாற்று மாணவன் என்ற முறையில் எனக்கு இது பொறுக்கவில்லை.

பொறாமைக்கு வேறு காரணமும் உண்டு. 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டபோது என் அம்மம்மா தம் கூறைச் சேலையைப் பையினுள் வைத்துக்கொண்டார். திருமணப் படத்தைச் சுவரிலேயே விட்டுச் சென்றார். திரும்பி வந்தபோது கண்ணாடி உடைந்த படச்சட்டம் மட்டுமே கிடந்தது. எறியுமாறு எல்லோரும் சொல்லியும் அவர் கேட்கவில்லை. புதுக் கண்ணாடி போடுவித்து, கூறையின் சரிகைக் கரையில் ஒரு சாண் வெட்டி அதனுள் வைத்தார். படம் தொங்கிய அதே ஆணியில் இன்று அது தொங்குகிறது.