மிச்சம், மிச்சில், எச்சில்: ஒரு மாணவி கேட்ட சந்தேகம்



கால்நடை மருத்துவம் படிக்கும் நம் பழைய மாணவி ஒருத்தி நேற்று போனில், "ஐயா, தீவனப் பாடத்தில் 'ஓர்ட்ஸ்'னு வருது, கலையா?" என்று கேட்டாள். சிரித்துவிட்டேன். கலை 'ஆர்ட்ஸ்'. இது 'ஓ'வில் தொடங்கும் வேறு சொல்.

மாடு தின்றுவிட்டுக் கழித்த தீவனம்தான் ஓர்ட்ஸ். ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பழைய ஆங்கிலச் சொல். டச்சு, வட ஜெர்மன் பேச்சுகளில் இதன் உறவுச் சொற்கள் உண்டு. தின்றது போக நின்றது என்று பொருள். பிறகு மனிதர் தட்டில் மீந்ததற்கும் வந்தது. ஷேக்ஸ்பியர் 'ட்ராய்லஸ் அண்டு கிரெஸிடா'வில் காதல் கசந்துபோனதைச் சொல்ல இதைப் பயன்படுத்துகிறார். இன்று பேச்சில் அநேகமாக இல்லை. பால் பண்ணைக்காரர்கள் மட்டும் தினமும் எடை போட்டுக் குறிக்கிறார்கள், மாடு எவ்வளவு தின்றது என்று கணக்கிட.

நம்மிடமோ ஒரு குடும்பமே இருக்கிறது. 'எஞ்சு' என்பதிலிருந்து எச்சம், எச்சில். வகுப்பில் பெயரெச்சம், வினையெச்சம் என்று அடி வாங்கினீர்களே, அதுவும் முடியாமல் எஞ்சி நிற்பதுதான். ஒருவர் விட்டுச்செல்வதும் எச்சம். நடுவுநிலைமை அதிகாரத்தில் வரும் அந்தச் சொல்லுக்குப் பரிமேலழகர் மக்கட்பேறு என்று பொருள் கொள்கிறார். விருந்தோம்பலில் வள்ளுவர் 'மிச்சில்' என்கிறார். விருந்தினர் உண்டபின் வீட்டுக்காரன் உண்பது. அதில் இழிவே இல்லை.

இழிவு, யார் யாருக்குக் கொடுக்கிறார் என்பதில் இருக்கிறது. என் அம்மா நடவுக்குப் போன வீட்டில் சாயங்காலம் கொல்லைப்புறத்தில் நின்று பழையது வாங்கி வருவார். பானையில் மீந்தது மிச்சம், இலையில் மீந்தது எச்சில் என்று எங்களுக்குப் பிரித்துச் சொல்வார். சில நாள் குழம்புக்குள் கடித்த முருங்கைக்காய்ச் சக்கை கிடக்கும். அம்மா பேசாமல் எடுத்துப் போட்டுவிடுவார். அன்று அவர் சாப்பிடமாட்டார்.

ஒரு தைப்பூசத்துக்கு நம் ஊரிலிருந்து வடலூருக்கு நடத்தியே கூட்டிப்போனார். வள்ளலார் 1867 மே 23 அன்று தொடங்கிய தருமச்சாலை. அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் எரிகிறது. பந்தியில் எங்களுக்கும் புது இலை போட்டு, ஆவி பறக்கச் சோறு வைத்தார்கள். அம்மா கொஞ்ச நேரம் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாப்பிட்டார், ஒரு பருக்கை மிச்சமில்லாமல்.

மாணவிக்குப் பதில் எழுதிவிட்டேன்: "பரீட்சையில் ஓர்ட்ஸ் என்றே எழுதம்மா. மாட்டுக்காரரிடம் பேசும்போது 'கழிச்ச கூளம்' என்று சொல், உடனே புரியும்."