குடியம் மலைக்கு ஒரு பகல் நடை

கொடுங்கையூரும் அதைச் சுற்றியுள்ள வடசென்னையும் கடலோரச் சமவெளி. ஏறி இறங்க ஒரு குன்றுகூடக் கிடையாது. கொடுங்கையூர்க் கால்வாய் பக்கிங்காம் கால்வாயில் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தை நோக்கிப் போகிறது. கொசஸ்தலை ஆறு கடலைச் சேருவதும் அதே கழிமுகத்தில்தான். அந்த ஆற்றின் வழியே மேற்கே போனால் ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில், பூண்டி ஏரிக்கு அப்பால், அல்லிக்குழி மலைகள் எழுகின்றன. காலையில் கிளம்பி இருட்டுமுன் வீடு திரும்பக்கூடிய காட்டு நடைகளுள் இந்த மலையிலுள்ள குடியம் குகைகளுக்குப் போகும் பாதைக்கே மிக நீண்ட வரலாறு உண்டு.

அந்த வரலாறு கல்லில் தொடங்குகிறது. குவார்ட்சைட் கூழாங்கற்களும் குண்டுக்கற்களும் இறுகிச் சேர்ந்த பாறையால் ஆனது இந்த மலை. குகையின் சுவரிலும் விதானத்திலும் கடலை மிட்டாயை உடைத்த பக்கம்போல் உருண்டைக் கற்கள் பிதுங்கித் தெரிகின்றன. மழையும் ஓடைகளும் கற்களைப் பெயர்த்துக் கீழே கொண்டுவந்தன. கருவி செய்ய உறுதியான கல் வேண்டியிருந்த ஆதிமனிதர்களுக்கு இந்த வட்டாரம் பிடித்துப்போனதற்கு அதுவே காரணம். கொசஸ்தலைக் கரையிலுள்ள அத்திரம்பாக்கத்தின் அடிமண் அடுக்குகள் வெறும் களிமண். அங்கே இயற்கையாகக் கல் இல்லை. அந்த அடுக்குகளில் கிடைத்த கைக்கோடரிகளுக்கான கல்லை யாரோ வேறிடத்திலிருந்து சுமந்து வந்திருக்கிறார்கள். இந்த நிலப்பரப்பில் நமக்குத் தெரிந்த மிகப் பழைய நடை அதுதான்.

இத்தகைய கற்கருவிகளைக் கண்டறிந்தவர்களும் நடந்தே கண்டறிந்தார்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் 1858-இல் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட், 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் சரளைக்கல் வெட்டிய குழியில் ஒரு கற்கருவியைக் கண்டார். இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு அந்த ஒரு கல்லிலிருந்து பிறந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் சக புவியியலாளர் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்து ஓடையில் கருவிகளைக் கண்டெடுத்தனர். பாறை அடுக்குகளை வரைபடமாக்குவதே அவர்களுடைய வேலை; ஓடை, சரிவு, மேடு என்று ஒன்றையும் விடாமல் பார்த்தாக வேண்டியிருந்தது. வண்டித் தடத்தோடு நின்றிருந்தால் இவை எதுவும் கண்ணில் பட்டிருக்காது. ஃபூட்டின் சேகரிப்பு பின்னர் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது.

1930-களில் ஆய்வாளர்கள் வி. டி. கிருஷ்ணசாமியும் பேட்டர்சனும் ஆற்றின் பழைய கரைப்படிகளை ஆராய்ந்தனர். 1962 முதல் 1964 வரை இந்தியத் தொல்லியல் துறைக்காக கே. டி. பானர்ஜி குடியத்தில் அகழ்ந்தார். கைக்கோடரிக் காலத்தின் பிற்பகுதி முதல் நுண்கற்கருவிக் காலம் வரையிலான தடயங்கள் அங்கே வெளிப்பட்டன. தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அத்திரம்பாக்கத்தில் செய்த அகழாய்வு காலக்கணக்கையே மாற்றிவிட்டது. அங்குள்ள பழைய கைக்கோடரிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011-லும், இடைப் பழைய கற்காலம் அங்கே ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியது என்று 2018-லும் முடிவுகள் வெளியாயின.

இதற்கிடையில் ஆறும் மாறியது. கொசஸ்தலைக்குக் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் 1944-இல் கட்டி முடிக்கப்பட்டு, சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர் பெற்றது. அங்கு தேங்கும் நீர் புழல் ஏரி வரை வந்து நகரத்தின் குடிநீராகிறது. 1985-இல் பூண்டியில் மாநிலத் தொல்லியல் துறை தொல்பழங்கால அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தது. மலைக்குப் போகிறவர்கள் முதலில் இங்கே இறங்குவது நல்லது. எது கருவி, எது வெறும் கல் என்று கண் பழகிய பிறகு காட்டுப் பாதையே வேறாகத் தெரியும்.

பொழுதுபோக்காக மலையேறும் வழக்கம் சென்னையில் 2000-களுக்குப் பிறகு பரவியது. நாகலாபுரம், தடா போன்ற ஆந்திர எல்லைக் காடுகளுக்கு வார இறுதிகளில் இளைஞர்கள் கூட்டமாகப் போனார்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ மலையேறியவர்களைச் சூழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன்பின் அனுமதியில்லாத நடைகளுக்குக் கட்டுப்பாடு இறுகியது. வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் 40 பாதைகளில் குடியமும் ஒன்று. இணையத்தில் பதிந்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியுடன் போக வேண்டும். காட்டுத்தீ அபாயமுள்ள கோடை மாதங்களில் பாதை மூடப்படலாம்.

உயரம் குறைவு என்பதால் மலையேறிப் பழகாதவர்களும் நடக்கலாம். வழியெங்கும் முட்புதர்க் காடு. நிழல் குறைவு, தண்ணீரைச் சுமந்தே போக வேண்டும். மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்கள் உகந்தவை. பாதையில் கிடக்கும் கல்லை எடுத்துவருவது மட்டும் கூடாது. அது ஒருவேளை கருவியாக இருக்கலாம். கிடந்த மண்ணைவிட்டு அகற்றினால் அதன் காலத்தைச் சொல்ல வழியில்லாமல் போய்விடும்.