பல்லுக்குப் பங்கு இல்லை

அக்கினி ஸ்தலமாகிய திருவண்ணாமலைக்குப் போன இடத்தில் என் கடைவாய்ப் பல்லும் அக்கினியாக எரிந்தது. கிரிவலத்தைப் பாதியில் விட்டுவிட்டு, தேரடி வீதிப் பக்கம் ஒரு பல் டாக்டரைத் தேடிப் போய் உட்கார்ந்தேன்.

எனக்கு முன்னால் ஒரு பூக்காரம்மாள். "வேரைச் சுத்தம் செய்து பல்லைக் காப்பாற்றிவிடலாம் அம்மா, சில ஆயிரம் செலவாகும்" என்றார் டாக்டர்.

"புடுங்கிடுங்க சார். அதுக்குத்தான் காசு இருக்குது" என்றாள் அவள்.

எனக்கோ இன்ஷ்யூரன்ஸ் இருக்கிறதென்ற தைரியம். ஊர் திரும்பியதும் ரசீதை நீட்டினேன். "பல்லுக்குக் கிடையாது ஸார். விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் பார்க்கலாம்" என்று பதில் வந்தது. பல் உடம்பில் சேர்ந்ததில்லையா?

சரித்திரத்தைப் புரட்டினேன். ஐரோப்பாவில் நெடுங்காலம் நாவிதர்களும் சந்தையில் கடை விரித்தவர்களுமே பல் பிடுங்கினார்கள். 1840இல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் முதல் பல் மருத்துவக் கல்லூரி தோன்றியபோது, மருத்துவக் கல்லூரியோடு சேராமல் தனியாகவே தோன்றியது. தனிக்குடித்தனம் போன பிள்ளைக்குக் கௌரவம் கிடைத்தது. குடும்பச் சொத்தில் பங்குதான் கிடைக்கவில்லை!

நம் நாட்டிலும் 1948இல் பல் மருத்துவர்களுக்கென்று தனிச் சட்டம் பிறந்தது. சென்னையில் 1953இல் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கிய பல் மருத்துவப் படிப்பும் பிற்பாடு தனிக் கல்லூரியாயிற்று.

அதே 1948இல் இங்கிலாந்து பல்லையும் வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டது. தேசிய சுகாதாரத் திட்டத்தில் பொய்ப்பல்கூட இலவசம். ஜனங்கள் திரண்டு வந்தார்கள், செலவு ஏறிற்று. 1951இல் கட்டணம் விதிக்க நேர்ந்தபோது பொய்ப்பல்லும் மூக்குக்கண்ணாடியுமே அகப்பட்டன. திட்டத்தை உருவாக்கிய அநியூரின் பெவன் அதைப் பொறுக்காமல் மந்திரி பதவியை உதறினார்.

இந்தியாவில் 1986இல் வந்த 'மெடிக்ளெய்ம்' பாலிஸி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுப்பவரை எண்ணி எழுதப்பட்டது. பல்வலிக்காரனோ நாற்காலியில் சாய்ந்தபடியே வைத்தியம் முடித்து எழுந்து போய்விடுகிறான். கட்டில் இல்லை, ஆகவே காசும் இல்லை. இன்றும் பெரும்பாலான பாலிஸிகளில் இதே கதைதான்.

கையில் பணம் இருந்ததால் என் பல் தப்பியது. பூக்காரம்மாளின் பல் போயிற்று. என்றோ, எங்கோ நடந்த பாகப்பிரிவினைக்கு இவள் ஏன் தன் பல்லைக் கொடுக்க வேண்டும்?