எய்தவர் யார்?

மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டி, வானூர் வழியாகத் தெற்கே இறங்கினால் புதுச்சேரி. இன்று அந்த எல்லையில் பெயர்ப்பலகை மாறும், மதுக்கடைகள் வரிசை கட்டும். 1911-இல் அரசே மாறியது. இந்தப் பக்கம் பிரிட்டிஷாரின் தென்னாற்காடு மாவட்டம், அந்தப் பக்கம் பிரெஞ்சுக் கொடி. எல்லை தாண்டிக் கைது செய்ய மதராஸ் போலீசுக்கு அதிகாரம் கிடையாது. ஆஷ் கொலை விசாரணை முட்டி நின்றதும் இந்த எல்லையில்தான்.

1911 ஜூன் 17. மணியாச்சி சந்திப்பில் மனைவியோடு ரயில் பெட்டியில் உட்கார்ந்திருந்த திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் செங்கோட்டை வாஞ்சிநாதன் சுட்டார். பிளாட்பாரக் கழிப்பறைக்குள் ஓடித் தன்னையும் சுட்டுக்கொண்டார். வயது 25. ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டை எதிர்த்து 3,000 மதராசிகள் சபதம் எடுத்திருப்பதாகச் சட்டைப்பையில் ஒரு கடிதம்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். இங்கே அம்பும் முறிந்துவிட்டது. எய்தவரைத் தேடிய போலீஸ், பதினான்கு பேரைக் கூண்டில் ஏற்றியது. முதல் எதிரி நீலகண்ட பிரம்மச்சாரி. ஊர் ஊராகப் போய் ரகசியச் சங்கத்துக்கு ஆள் சேர்த்தவர் அவர். ஆனால் கொலை நடந்தபோது மணியாச்சிப் பக்கமே அவர் இல்லை. உயர்நீதிமன்றம் அவருக்குக் கொடுத்தது ஏழாண்டுச் சிறை. வழக்கில் அதுவே அதிகபட்சத் தண்டனை. ஒருவரும் தூக்குமேடை ஏறவில்லை.

போலீசின் கண் உண்மையில் வ.வே.சு. ஐயர் மேல் இருந்தது. காரணமும் இருந்தது. 1909-இல் நாசிக் கலெக்டர் ஜாக்சனைக் கொன்ற பிரௌனிங் கைத்துப்பாக்கி, லண்டனிலிருந்து சாவர்க்கர் அனுப்பியவற்றில் ஒன்று. சாவர்க்கரின் லண்டன் தோழர் ஐயர், 1910-இல் புதுச்சேரிக்கு வந்தார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் வாஞ்சியும் அங்கே போனார். ஐயரிடம் சுடப் பழகினார் என்பது விடுதலை இயக்கத்தாரே பெருமையோடு சொல்லிவந்த செய்தி. வாஞ்சியின் கையில் இருந்ததும் பிரௌனிங்தான்.

ஆனால் பழக்கியவரே நாள் குறித்தார் என்பதற்குச் சான்று வேண்டுமே! சான்று கிடைக்காததால் போலீஸ் தரப்பில் செய்து பார்த்தார்கள். ஐயர் வீட்டுக் கிணற்றில், ராஜத்துரோகத் தாள்கள் அடைத்த ஜாடி ஒன்று அகப்பட்டது. ஐயர் தரப்பினரே முந்திக்கொண்டு பிரெஞ்சுப் போலீசுக்குத் தகவல் சொல்லிவிட்டார்கள். இதையொட்டி, அப்போது புதுச்சேரியில் இருந்த அரவிந்தரின் வீட்டையும் சோதனையிட்ட பிரெஞ்சு நீதிபதி, கிரேக்க, லத்தீன் நூல்களைக் கண்டு அசந்து திரும்பினார். உண்மைச் சான்று கையில் இருப்பவர் பொய்ச் சான்றைக் கிணற்றில் போடுவாரா?

வ.உ.சி.யை ஆஷ் ஒடுக்கியதற்குப் பழி என்பது ஒரு வாதம். வாஞ்சியின் சட்டைப்பைக் கடிதத்தில் சாதி நெடி வீசுகிறது என்பது இன்னொன்று. இரண்டும் வாஞ்சி ஏன் சுட்டார் என்பதற்கான பதில்கள். யார் அனுப்பினார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

என் கணிப்பு இது: சங்கம் நீலகண்டருடையது, பயிற்சி ஐயருடையது, முடிவு திருநெல்வேலிச் சீமையிலேயே எடுக்கப்பட்டது. இதைச் சரி என்றோ தவறு என்றோ சொல்லக்கூடியவர் ஒருவர் இருந்தார். அன்று வாஞ்சியோடு வந்த ஓட்டப்பிடாரம் மாடசாமி. தப்பியோடிய அவர் கடைசிவரை சிக்கவே இல்லை.

அடுத்த வாரம்: 1918-இல் இதே பிரெஞ்சு எல்லையைக் கடந்த பாரதி, கடலூரில் கைதான கதை.

(தொடரும்)